கிணற்றுமேட்டு மரங்கள்

அம்மிணி,

ஆடிப் பதினெட்டுக்கு வந்துபோன பிறகு உன் சத்தமே இல்லை. வேலை இருக்கும், சரி. போனில் பேசினால் நான் எதையாவது கேட்டுவிடுவேன், நீயும் "ஒண்ணுமில்லப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கோக்கோவில் இந்த வருஷமும் காயழுகல் வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் வந்தபடி இருக்கிறது. மழை விட்டாலும் மேலே தென்னை மட்டை சொட்டுவது நிற்பதில்லை. காம்புப் பக்கம் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான் முதலில் தெரியும். ரெண்டு வாரத்தில் முழுக் காயும் கருத்து, மேலே மாவு தூவின மாதிரி வெள்ளை பூத்துவிடுகிறது. அதில் மழைத்துளி பட்டுத் தெறித்தால் பக்கத்துக் காயும் போச்சு. 2024ல் விலை ஏறினதைப் பார்த்து, காய் குறையுமே என்று கிளையைக் கழிக்க மனசு வரவில்லை. கவாத்து செய்யாத மரத்துக்குள் வெயில் எங்கே நுழையும்?

நேற்று நானே அழுகலுக்கு அடிக்கிற மருந்து, போர்டோ கலவை போட்டேன். ஒரு கிலோ மயில்துத்தம், அந்த நீலச் செம்பு உப்பு, 50 லிட்டரில், ஒரு கிலோ சுண்ணாம்பு 50 லிட்டரில், தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில். துத்தத்தைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். உனக்குத் தெரியாததா? பத்தாவது படிக்கையில் கலவையில் இரும்புக் கத்தியை முக்கி எடுத்து, "செம்பு படியுதுப்பா, இன்னும் சுண்ணாம்பு வேணும்" என்றவள் நீ. கலவை போடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் அதைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை சுகமா? ஆடிக்கு அவர் வராததை உங்கம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அழுகின காயை மரத்தில் விடக்கூடாது. பறித்து மரத்தடியில் போடவும் கூடாது, குழி வெட்டிப் போட்டு மண்ணால் மூட வேண்டும். புள்ளி தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். நாலு நாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது அம்மிணி. தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம், கிணற்றுமேட்டு மரங்களில் புள்ளியை முதலில் பார்த்தது நீதான். ஓடிவந்து சொன்னாய். ஆள்காரர்கள் முன்னாடி, "போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்று விரட்டினேன். பத்து நாள் வீம்புக்கு அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது பாதிக் காய் கருத்துக் கிடந்தது. உங்கம்மாவிடமும் வியாபாரியிடமும் மழை மேல் பழியைப் போட்டேன். நீ திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் நீ எதையும் என்னிடம் வந்து சொன்னதில்லை, காய்ச்சல் என்றால்கூட. தப்பு என்னுடையது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

மேற்குப் பக்க அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. எப்போது தோன்றுகிறதோ வா, தனியாக வந்தாலும் சரி. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை மழை விட்டால் கிணற்றுமேட்டுக்குத் தெளிப்பு. அந்தக் கத்தியைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அப்பா