நீலக் கண்ணாடியை எடுத்து வருகிறேன்

அன்புள்ள முரளி,

கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. நீலமும் ஊதாவும் இப்போதுதான் பளிச்சென்று தெரிகின்றன என்று எழுதியிருந்தாய். மஞ்சள் பூத்த உன் கண்ணின் பழைய வில்லை அந்த நிறங்களைத்தான் அதிகம் தடுத்திருக்கும். அதைப் படித்ததும் நம் வேதியியல் ஆய்வகம் நினைவுக்கு வந்துவிட்டது.

நம் இருவருக்கும் ஒரே உப்பு. அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று சுடரின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் தோய்த்து, உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினோம். பளீரென்று மஞ்சள். சோடியம் என்று எழுதிவிட்டோம். ஆனால் அது பொட்டாசியம்! விரல் வியர்வையிலிருந்து ஒட்டிய துளி சோடியமே போதும், பொட்டாசியத்தின் மெல்லிய ஊதாவை மூடிவிடும். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தால் மஞ்சள் வடிகட்டப்பட்டிருக்கும்.

நிறம் ஏன் வருகிறது என்று அன்று நாம் கேட்கவே இல்லை. உலோகம் எரிவதால் வரும் நிறம் அல்ல அது. சுடரின் சூடு அணுவின் வெளி எலக்ட்ரானை ஒரு படி மேலே ஏற்றுகிறது. சோடியத்தில் அது சுமார் 16 நானோ நொடிதான் அங்கே தங்கும். அப்புறம் இறங்கிவிடும். இரண்டு படிகளுக்கும் இடையிலான ஆற்றல்தான் ஒளியாக வெளியேறுகிறது. படிகளின் உயரம் தனிமத்துக்குத் தனிமம் வேறு. சோடியத்துக்கு அந்த ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர், மஞ்சள். லித்தியத்துக்கு 671, கருஞ்சிவப்பு. படி உயர உயர அலைநீளம் குறையும். மக்னீசிய அணுவுக்குப் படி மிக உயரம். அதன் முக்கிய ஒளி 285இல், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் போய்விடுகிறது. அதனால்தான் அதன் உப்பு சுடருக்கு நிறம் தருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மன் அறிவியலாளர்கள் பன்சனும் கிர்க்காஃபும் செய்த வேலை. 1860இல் ஒரு கனிம நீரை வற்றவைத்து, எஞ்சியதைச் சுடரில் காட்டி, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் முப்பட்டகம் வழியாகப் பார்த்தார்கள். அதுவரை யாரும் அறியாத இரண்டு நீலக் கோடுகள்! அவற்றைத் தந்த புதிய தனிமத்துக்கு, வானத்து நீலம் என்ற பொருள்பட, சீசியம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு தனிமத்தை முதன்முதலில் அதன் நிறத்தாலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள், நினைத்துப் பார்.

அடுத்த மாதம் வருகிறேன். நீலக் கண்ணாடியும் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடும் எடுத்து வருவேன். கம்பியை நான் பிடிக்கிறேன், நிறத்தை நீ சொல்.

அன்புடன்,
சேகர்