மிக்சருக்கு என்ன வாங்குவது

தூத்துக்குடி
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் உன் பூனை மிக்சருக்குப் பவுச்சில் வருகிற ஈரமான வெட் ஃபுட் வாங்கவா, உலர்ந்த டிரை ஃபுட் வாங்கவா என்று நீ கேட்டாய். "எல்லாம் ஒண்ணுதான், கிடைக்கிறதைப் போடு" என்று சொல்லிவிட்டு, பால்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்தேன். பால்காரர் வரவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் நம் பழைய பூனை கருப்பன் பேச்சும் வரும், அதனால்தான் வைத்தேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், அப்பா நடுவில் பிடுங்கி "டவர் சரியில்லை" என்பார். எழுதினால் ஒருவரும் குறுக்கே வர மாட்டார்கள்.

முதலில் கணக்கு. கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் பேரேடு எழுதினவளுக்கு அதிலிருந்துதான் ஆரம்பிக்க வரும்.

நீ அனுப்பின இரண்டு லேபிள் போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரை பாக்கெட்டில் புரதம் 30 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கிரேவி பவுச்சில் 8 சதவீதம். உடனே "இது வெறும் தண்ணி, ஏமாத்துறாங்க" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாய். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காதே கயல், பிடித்தம் போகக் கையில் வருவதைப் பார். பவுச்சில் ஈரப்பதம் 83. அதைக் கழித்தால் மிச்சம் 17. அந்தப் பதினேழில் எட்டு புரதம் என்றால் 47 சதவீதம் ஆச்சு. டிரையில் ஈரம் 10, மிச்சம் 90, அதில் முப்பது என்றால் 33தான். இப்போது சொல், யார் ஏமாற்றுகிறார்கள்? ஒருவரும் இல்லை. நாம்தான் கழித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் எனக்குப் புரதத்தைவிட அந்த 83தான் பெரிய விஷயம்.

பூனை என்பது பாலைவனப் பக்கத்துப் பிராணி. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைதான். எலி, பல்லி, குருவி என்று பிடித்துத் தின்று, அதன் உடம்பில் இருக்கிற ஈரத்திலேயே காலம் தள்ளின சாதி. ஒரு எலியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அதனால் தாகம் என்று ஓடிப்போய்க் குடிக்கிற குணம் அதற்குக் கம்மி. சிறுநீரைக் கெட்டியாக்கி, தண்ணீரை மிச்சம் பிடித்துச் சமாளித்துவிடும். உங்க ஆச்சி சொல்வாளே, "நாய் குடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேக்கும், பூனை குடிச்சதை எவ பாத்தா?" என்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். 85 கிராம் பவுச் மூன்று போட்டால் அதிலேயே ஏறக்குறைய அவ்வளவும் போய்விடும். டிரை மட்டும் என்றால் நாளைக்கு 60 கிராம் போடுவாய். அதில் இருக்கிற தண்ணீர் ஆறு மில்லி. இருமல் மருந்து மூடி அளவு. பாக்கியை அது கிண்ணத்தில் குடித்து ஈடுகட்ட வேண்டும். டிரை தின்கிற பூனை கொஞ்சம் அதிகமாகக் குடிக்கத்தான் செய்யும், ஆனால் முழுசாக ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டியாகும். அதில் உப்புப் படிகம் மணல் மாதிரி சேரும். பெண் பூனை என்றால் பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். கொஞ்சம் மணலும் சளியும் சேர்ந்தாலே அடைத்துவிடும்.

மிக்சர் ஆண். கருப்பனும் ஆண்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் கருப்பன் வயசாகிச் செத்துப்போனான் என்று உனக்குச் சொன்னோம். அவனுக்கு ஏழு வயசு. ஏழு வயசில் என்ன வயசாகிறது என்று நீ திருப்பிக் கேட்கவில்லை. பரீட்சை நேரம்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மணல் தட்டில் போய் உட்கார்ந்தான். முதுகைக் கூனிக்கொண்டு ரொம்ப நேரம். எழுந்து வந்தான், திரும்பவும் போனான். மலச்சிக்கல் என்று நினைத்து நான் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் புகட்டினேன். தட்டில் ஈரமே இல்லை என்பதை அப்போது பார்க்கத் தோன்றவில்லை. விடியக்காலம் பிள்ளை அழுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு டாக்டரிடம் தூக்கிப் போனோம். வெயில் சூடு என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வயிற்றைக்கூட அமுக்கிப் பார்க்கவில்லை. ஞாயிறு வாந்தி எடுத்தான், துவைக்கிற கல்லுக்கு அடியில் போய்ச் சுருண்டான். அப்புறம்தான் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு எடுத்தார்கள். வந்தது புளித்தண்ணி நிறத்தில் இருந்தது, ரத்தத்தோடு. சிறுநீர் வெளியேறாமல் நின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும் என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னாள். நேற்றே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ராத்திரி பத்தரைக்குப் போய்விட்டான். பின்பக்கம் நெல்லிமரத்தடியில் அப்பாதான் குழி வெட்டினார்.

ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். நீ இன்டர்ன்ஷிப்பில் வந்த முதல் பணத்தில் அவனுக்கு ஏழு கிலோ டிரை ஃபுட் மூட்டை அனுப்பியிருந்தாய். அதைத்தான் அவன் நாலு மாசமாகத் தின்றுகொண்டிருந்தான். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது?

இப்போதும் அந்த மூட்டைதான் கொன்றது என்று சொல்ல மாட்டேன். டிரை மட்டுமே தின்று பதினஞ்சு வருஷம் இருக்கிற பூனை எத்தனையோ உண்டு. தப்பு எங்கள் பக்கம். சாளைத் தலையும் குடலும் தின்றுகொண்டு தெருத்தெருவாகச் சுற்றினவனைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி வீட்டோடு வைத்தோம். கிண்ணத்தை எப்போதும் கும்பலாக நிரப்பி வைத்தோம். ஆறரை கிலோ ஆனான், மதினி வந்து "சின்னப் புலி" என்று தூக்கிக் கொஞ்சினாள், எங்களுக்குப் பெருமை. தண்ணீர்க் கிண்ணம் ஒன்றே ஒன்று, அதுவும் சாப்பாட்டுக்கு ஒட்டி. பக்கத்து வீட்டில் அந்தச் சமயம் இடித்துக் கட்டினார்கள், மிரண்டுபோய்ப் பீரோ மேலேயே கிடந்தான். பூனைக்குப் பயமும் கவலையும் இருந்தாலே மூத்திரப்பை வீங்கும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

சரி, மிக்சருக்கு வருவோம்.

மூன்று வேளையும் பவுச் போடு என்று சொல்ல எனக்கு ஆசைதான். இங்கே கடையில் விசாரித்தேன், ஒன்று 50 ரூபாய்க்குப் பக்கம். மாசம் 4,500. பெங்களூரில் வாடகை கொடுத்துக்கொண்டு இது கட்டாது, நீயும் மூன்றாம் மாசம் விட்டுவிடுவாய். அதனால் காலையில் ஒன்று, ராத்திரி வந்ததும் ஒன்று. நடுவில் நீ ஆபீஸில் இருக்கும்போது டிரை 20 கிராம், எடை பார்த்துப் போடு. பவுச் ஒன்றில் 70, 75 கலோரி, டிரை ஒரு கிராமுக்கு மூன்றரையிலிருந்து நாலு. கூட்டினால் 220 வரும், நாலு கிலோப் பூனைக்குப் பொருத்தம். கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் வேண்டாம். பவுச் கட்டாத மாசம் ஒன்றாகக் குறைத்து டிரையை 40 ஆக்கிக்கொள், அந்த ஒன்றிலும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் ஊற்றிக் குழைத்துக் கொடு.

டிரை தின்றால் பல் சுத்தமாகும் என்று உன் ரூம்மேட் சொன்னாளாமே. முறுக்கு தின்றால் நமக்குப் பல் சுத்தமாகிறதா? கடித்ததும் உடைந்து உள்ளே போய்விடும். பல்லுக்கென்றே தனியாகச் செய்கிற உணவு இருக்கிறது, அது வேறு. மற்றபடி பிரஷ்தான். பூனைக்குப் பல் தேய்ப்பதா என்று சிரிக்காதே, மிக்சர் சின்னவன்தானே, இப்போதே பழக்கினால் வரும்.

ஈர உணவைத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதே. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடு. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வை, மறுநாளைக்குள் தீர்த்துவிடு. சில்லென்று கொடுத்தால் முகர்ந்துவிட்டு மண் தள்ளுகிற மாதிரி காலால் பறித்துவிட்டுப் போகும். பவுச்சை வெந்நீரில் ரெண்டு நிமிஷம் போட்டு எடு. பிடித்த எலி என்ன சூட்டில் இருக்குமோ அந்தச் சூடு அதற்குப் பிடிக்கும். வாசனையும் அப்போதுதான் எழும்பும்.

டிரையிலேயே வளர்ந்த பூனை ஈரத்தை லேசில் தொடாது. "பசிச்சா தின்னும்" என்று பிடிவாதம் பிடிக்காதே, அது என் மாமியார் முறை, பிள்ளைகளுக்குச் செல்லும், பூனைக்குச் செல்லாது. ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தால் அதன் ஈரலில் கொழுப்பு அடைந்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் மோசம். டிரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வை. மறுநாள் கொஞ்சம் கலந்து வை. பத்து நாள் ஆகட்டும். கிரேவி பிடிக்கவில்லை என்றால் அரைத்த பதத்தில் வருவதைப் பார்.

லேபிளில் இன்னும் ஒன்று. முழு உணவா, துணை உணவா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பிதுக்கிக் கொடுக்கிற டியூப், சில டுனா டின் எல்லாம் துணை உணவுதான். அதையே வேளாவேளைக்குப் போட்டால் சத்துக் குறையும். டாரின் என்று ஒரு சத்து, பூனை உடம்பால் தேவையான அளவு அதைச் செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். கடையில் விற்கிற உணவிலேயே அது போதாமல் பூனைகளின் இதயம் வீங்கிச் செத்திருக்கின்றன. 1987-இல்தான் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம்தான் கம்பெனிகள் அளவைக் கூட்டின. கோழி வேகவைத்துக் கொடுக்கிறேன் என்று நீ ஆரம்பித்தாலும் இதே கதைதான், கால்சியமும் இருக்காது. எப்போதாவது கொடு, உப்பும் வெங்காயமும் பூண்டும் போடாமல். தயிர்சாதம், கருவாடு, பால் என்று நான் கருப்பனுக்குச் செய்த எதையும் செய்யாதே.

தண்ணீர்க் கிண்ணம் மூன்று வை. சாப்பாட்டுக்கும் மணல் பெட்டிக்கும் தள்ளி, மீசை இடிக்காத அகலத்தில். கருப்பனுடைய மண் சட்டியைப் பழைய துண்டில் சுற்றி அனுப்புகிறேன், அடுத்த வாரம் மைசூர் எக்ஸ்பிரஸில் உன் சித்தப்பா வருகிறார். ஓரம் கொஞ்சம் விண்டிருக்கும், ஒழுகாது.

அப்புறம், உன் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியும் திறந்திருக்கிற பூனை டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. பெட்டிக்குப் போய்ப்போய் வந்தாலோ, உட்கார்ந்து கத்தினாலோ, பின்பக்கம் ஓயாமல் நக்கினாலோ, சொட்டு வராவிட்டாலோ, காலை வரைக்கும் பொறுக்காதே. நம் மாத்திரை எதையும் கொடுக்காதே, பாராசிட்டமால் பூனைக்கு விஷம். யாராவது சூடு என்று சொன்னால் "மூத்திரப்பையைத் தொட்டுப் பாருங்க" என்று நீயே சொல். மரியாதை கெட்டால் கெடட்டும்.

அந்த மணல் பெட்டியில் ஈரம் பட்ட இடம் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் என்றாயே. எனக்குத் தினமும் காலையில் பூப்போட்ட குட்மார்னிங் படம் அனுப்புகிறாய். அது வேண்டாம். ராத்திரி எத்தனை உருண்டை என்று ஒரு நம்பர் மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா