கோழிக் கூண்டுக்குக் கம்பித் தரை: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். தங்கச்சியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடுவதை யாரிடமும் விடுவதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பன்னிரண்டு கோழிக்குக் கூண்டு அடிக்கிறாய், தரைக்கு எந்தக் கம்பி வலை போடலாம் என்று கேட்டிருக்கிறாய். நல்லவேளை, வாங்குவதற்கு முன்பே கேட்டாய். நான் யாரையும் கேட்கவில்லை. அதன் பலனை என் கோழிகள்தான் அனுபவித்தன.

முதல் கூண்டுக்கு, அறுகோணக் கண் போட்ட வலையை ஒரு சுருள் வாங்கி வந்து தரை முழுக்க அடித்தேன். பெயரே கோழி வலை, அப்புறம் என்ன என்று நினைத்தேன். அது மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது. கோழி வெளியே போகாமல் தடுக்க ஆகும், மிதித்து நடக்க ஆகாது. இரண்டே மாதத்தில் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கிவிட்டது. முறுக்கு அவிழ்ந்த ஒரு இடத்தில் கம்பி முனை மேலே நீட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலையில் செவலைப் பெட்டை ஒற்றைக் காலில் நின்றது. தூக்கி மடியில் வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் மெத்தையின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் தோல் சிவந்து, பளபளவென்று உப்பி, தொட்டால் சுட்டது. சின்னக் கீறல் போதும், அது வழியாக ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டிவிடும் என்றார் கால்நடை மருத்துவர். ஒரு மாதம் தினமும் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து மருந்து கட்டினேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் கடைசிவரை அந்தக் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தது. அதிலிருந்து எந்தக் கம்பியைப் பார்த்தாலும் முதலில் அந்தப் பாதம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதனால் நீ வெல்டு மெஷ்தான் வாங்க வேண்டும், குறுக்கும் நெடுக்கும் கம்பியை வைத்துப் பற்றவைத்தது. கம்பியின் பருமனைச் சொல்லும் கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், இதில் ஏமாந்துவிடாதே. 19 கேஜ் என்றால் சுமார் 1 மில்லிமீட்டர்தான், பக்கச் சுவருக்குப் போதும். தரைக்கு 14 கேஜ் கேள், சுமார் 2 மில்லிமீட்டர் வரும். கிடைக்காவிட்டால் 16 கேஜ் வரை போகலாம், அதைவிட மெல்லியது வேண்டாம். மெல்லிய கம்பி பாதத்தில் நூல் மாதிரி அறுக்கும்.

கண் அளவில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அரை அங்குலச் சதுரக் கண்ணில் பாதம் நன்றாக நிற்கும், ஆனால் எச்சம் கீழே விழாது. கோழி விடிகாலையில் களிபோல ஒன்று போடுமே, அது கண்ணை அடைத்துக் காய்ந்து, ஒரு வாரத்தில் கம்பித் தரை சிமெண்டுத் தரையாகிவிடும். ஒரு அங்குலச் சதுரத்தில் எச்சம் சுத்தமாக விழும், ஆனால் இளங்கோழியின் கால் கணுவரை இறங்கிச் சிக்கிக்கொள்ளும். நான் இப்போது போட்டிருப்பது அரைக்கு ஒரு அங்குலம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பற்றவைத்த வலையில் ஒரு வரிசைக் கம்பி மேலேயும் இன்னொரு வரிசை கீழேயும் இருக்கும். அரை அங்குல இடைவெளியில் நெருக்கமாக ஓடும் வரிசை மேலே வரும்படி போடு. விரல்களுக்கு அடுத்தடுத்துப் பிடிமானம் கிடைக்கும்.

குஞ்சுகளை முதல் சில வாரம் கம்பியில் விடவே விடாதே, மரத்தூள் போட்ட தரையில் வளரட்டும்.

துத்தநாகப் பூச்சும் இரண்டு விதம். கம்பிக்கு முதலில் பூசிவிட்டுப் பிறகு பற்றவைத்தது ஒன்று, பற்றவைத்த பிறகு முழு வலையையும் துத்தநாகத்தில் முக்கி எடுத்தது இன்னொன்று. இரண்டாவதுதான் வேண்டும். கம்பிகள் சேரும் இடத்தைப் பார், வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் வகையில் அந்த முடிச்சு கருகியிருக்கும். எச்சத்தின் ஈரம் பட்டதும் துரு அங்கேதான் பிடிக்கும். முக்கி எடுத்ததில் மூட்டு முழுக்கத் துத்தநாகம் படிந்து வழவழப்பாக இருக்கும். அங்கங்கே சொட்டு உறைந்து முள்ளாக நின்றால் அரத்தால் தேய்த்துவிட்டு, வலையைக் கழுவிப் போடு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி காலுக்கு மெத்தென்று இருக்கும்தான். ஆனால் உறை ஒரு இடத்தில் வெடித்தால் கோழி கொத்திக் கொத்தி உரித்துத் தின்றுவிடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். தரை முழுக்கக் கம்பி போடாதே, மாப்பிள்ளை. நீ வரைந்து அனுப்பிய படத்தில் முழுத் தரையும் வலையாக இருந்தது, பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எச்சம் கீழே விழுந்துவிட்டால் ரத்தக் கழிச்சல் குறையும் என்று நீ எழுதியிருப்பது உண்மைதான். அந்த நோயின் கிருமி எச்சத்தில் வெளியேறி, ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கம்பித் தரை அந்தச் சங்கிலியை அறுக்கிறது. ஆனால் மண்ணையே மிதிக்காமல் கம்பியில் வளர்ந்த கோழிக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தியும் வளராது. பின்னால் ஒரு நாள் தரையில் இறக்கிவிட்டால் படுத்துவிடும். அப்புறம், கோழி கிளற வேண்டும், புழுதியில் புரள வேண்டும். கம்பியில் இரண்டும் நடக்காது.

முட்டைக்கோழி வளர்ப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் போட்ட விதிகளில் தரை பற்றி ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: கோழியின் இரண்டு காலிலும் முன்பக்கம் நீளும் நகங்கள் அத்தனையையும் தரை தாங்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. உட்காரக் கழியோ முட்டையிட மறைவிடமோ கிளறப் படுகையோ இல்லாத வெறும் கம்பிக் கூண்டுகளுக்கு 2012 முதல் அங்கே தடை வந்ததும் அதே விதிகளால்தான்.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். இரவில் உட்காரும் கழிகளுக்கு நேர் கீழே மட்டும் கம்பி, மற்ற இடமெல்லாம் பலகை, மேலே மரத்தூள். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து எச்சமிடுவதால் அள்ள வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடுகிறது. கழியைக் கம்பியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் ஏற்றாதே. உயரத்திலிருந்து கனமான கோழி கம்பியில் குதித்தால் பாதம் தாங்காது. வலைக்கு அடியில் ஒரு அடிக்கு ஒரு மரச்சட்டம் கொடு. ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக மடக்கி, வாஷர் வைத்துத் திருகாணியால் இறுக்கு. ஆணி நாளடைவில் கழன்றுவிடும். முழுச் சட்டமும் கழற்றி எடுக்கிற மாதிரி இருந்தால் வெயிலில் போட்டு இரும்புப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கம்பிக்குக் கீழே இருக்கும் இடத்தின் நான்கு பக்கத்தையும் அரை அங்குல வலையால் அடைத்துவிடு. இல்லாவிட்டால் ராத்திரியில் ஏதாவது மிருகம் அடியில் புகுந்து விரலைக் கடிக்கும்.

வாங்கும்போது வலையின் மேல் வெறும் உள்ளங்கையை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார். உன் கையில் கீறினால் அந்தச் சுருள் வேண்டாம்.

கூண்டின் நீள அகலத்தை எழுதி அனுப்பு. சட்டம் எத்தனை தேவை என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். பேத்தியின் படம் ஒன்றையும் சேர்த்து வை.

அன்புடன்,
உன் மச்சான்