மழை பெய்தால் போக முடியாத ரோடு

ரெஜைனா
சஸ்காச்சுவான், கனடா
ஜூன் 22

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குப் பாதி சோம்பல், பாதி வெட்கம். கரிசல் காட்டில் பிறந்தவன், களிமண்ணில் வண்டியைச் சிக்கவைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க நடுக்காட்டில் கிடந்தேன் என்று உனக்கு எப்படி எழுதுவது? சரி, எழுதிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

போன வாரம் நானும் செல்வியும் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். இங்கிருந்து தென்மேற்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அமெரிக்க எல்லையை ஒட்டி, வால் மேரி என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூங்கா என்றதும் மரமும் நிழலும் நினைத்துவிடாதே. மரமே கிடையாது. ஏர் படாத புல், அவ்வளவுதான். சஸ்காச்சுவானில் உழக்கூடிய இடத்தையெல்லாம் உழுது கோதுமை போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் அழிந்துபோயிருந்த காட்டெருமைகளை 2005இல் வேறு பூங்காவிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள். முதல் நாள் ஒரு கிடா எருமை ரோட்டோரமாக நின்று முதுகைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி இருபது நிமிஷம் காத்திருந்தோம். ஹாரன் அடிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

பிரெஞ்ச்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி டென்ட். ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலை, ஒருவர் உடம்பில் இன்னொருவர் உண்ணி பார்ப்பது. நம் ஊர் மாட்டு உண்ணி மாதிரியேதான், கொஞ்சம் சின்னது. மேட்டில் ஏறினால் வட்டம் வட்டமாகக் கற்கள் புல்லுக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. எருமைத் தோலில் போட்ட கூடாரங்களைக் காற்று தூக்காமல் இருக்கப் பூர்வகுடிகள் ஓரத்தில் வைத்த கற்கள். எருமையும் போய், ஆட்களும் ஒதுக்கப்பட்டு, கல் மட்டும் வைத்த இடத்தில் இருக்கிறது. அதன் நடுவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட மனசு வரவில்லை. தள்ளிப் போய்த்தான் சாப்பிட்டோம்.

இந்தப் பூங்கா இரண்டு துண்டாக இருக்கிறது. மூன்றாம் நாள் மேற்கிலிருந்து கிழக்குத் துண்டுக்குக் கிளம்பினோம். பேசாமல் 18ஆம் எண் ரோட்டைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குத்தான் குறுக்குவழி ஆசை.

இங்கே உள்ரோடுகளைப் பற்றிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். ஆட்கள் குடியேறுவதற்கு முன்பே சர்வேயர் வந்துவிட்டான். 1871இல் தொடங்கி மேற்குச் சமவெளி முழுவதையும் ஒரு மைல் சதுரங்களாகக் கோடு போட்டார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்குக் கிடைத்தது. மூன்று வருஷம் குடியிருந்து உழுது காட்ட வேண்டும். வடக்கு தெற்காக மைலுக்கு ஒரு ரோடு, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. ரோட்டுக்கு ஒதுக்கிய பட்டை 66 அடி, அதாவது ஒரு சங்கிலி. நம் ஊர்ப் பழைய புலப்படத்தில் லிங்க் கணக்கு வருமே, அதே சங்கிலிதான். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அதைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒரு தடவை கணக்கை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதனால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிற ரோடு திடீரென்று ஒரு முடக்கு போட்டுத் திரும்ப நேராகும். ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

வரைபடத்தில் எல்லா ரோடும் ஒரே மாதிரிக் கோடுதான். தரையில் அப்படி இல்லை. சிலது சரளை போட்டது. சிலது வெறும் மண்ணைக் கூட்டி மேடாக்கியது, அவ்வளவுதான். நான் திரும்பிய ரோட்டின் முகப்பில் ஒரு பலகை இருந்தது: ஈரமானால் போக முடியாது. செல்வி சத்தமாக வாசித்தும் காட்டினாள். வானம் நீலமாக இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று எனக்கு ஒரு திமிர்.

எட்டு மைல் போனபோது மேற்கே கறுத்தது. சரியாக அரை மணி நேர மழை. அப்புறம் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. இந்த மண்ணுக்கு இங்கே கம்போ என்று பெயர். டயரின் பள்ளமெல்லாம் அடைத்து வழுவழுப்பாக்கிவிடுகிறது. நாலு சக்கரம் இழுத்தால் நாலும் சேர்ந்து வழுக்குகிறது, அதுதான் வித்தியாசம். நடுமேட்டிலிருந்து வண்டி தானாகச் சரிந்து, அவசரமே இல்லாமல், ஓரப் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது. இறங்கினேன். பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண். அப்போதுதான் உறைத்தது: டேய், இது நம்ம கரிசல்!

நிஜமாகவே அதே குணம். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழை பெய்து வெறித்த அன்று உன் அப்பா வண்டி கட்டியதை நீ பார்த்திருக்கிறாயா? பைதாவில் மண் ஏறினால் மாடு செத்துப்போகும் என்று இரண்டு நாள் தொழுவத்தை விட்டு நகர மாட்டாரே. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு, முப்பது வருஷம் கழித்து ஒரு பலகை எழுதிச் சொன்னது, அதையும் மதிக்கவில்லை.

போனில் சிக்னல் இல்லை. தள்ளிப்பார்த்தேன், புல்லைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன், இன்னும் ஒரு சாண் இறங்கியதுதான் மிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை மேய்ச்சல் நிலம், ஆள் இல்லை. ஆனாலும் அங்கே டென்ட் அடிக்க முடியாது. காலியாகக் கிடந்தாலும் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்று 2022இலிருந்து இந்த மாகாணத்தில் சட்டம். அந்த 66 அடிப் பட்டைக்குள், சாய்ந்த வண்டியிலேயே படுத்தோம். செல்வி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் அந்த ராத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். பத்தரை மணிக்கு மேல் மேகம் விலகியது. சுற்றிலும் ஒரு விளக்குகூட இல்லை. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் படுத்துப் பார்த்த வானம், கரண்ட் போன நாளில் பார்ப்போமே, அது. கயோட்டிகள் ஊளையிட்டன, நம் குள்ளநரி மாதிரி. ஒன்று தொடங்கினால் பத்து சேர்ந்துகொள்ளும். செல்வி பெட்ஷீட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “உங்க ஊரு வேம்பாரு காட்டுக்குப் போகும்போதும் இப்படித்தான் வழி தவறவிட்டீங்க” என்றாள். அவ்வளவுதான் மொத்தத் திட்டு.

காலையில் வெயிலும் காற்றும் அடித்து மேல்மண் காய ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு ஒரு மாட்டுப்பண்ணைக்காரர், எழுபது வயசிருக்கும், டிரக்கில் மேட்டின் மேல் வந்து நின்றார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிச் சாப்பிட்டீர்களா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் மத்தியானம் வருகிறேன், இப்போது இழுத்தால் இரண்டு வண்டியும் பள்ளத்தில்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னபடி இரண்டு மணிக்கு டிராக்டரோடு வந்து ஐந்து நிமிஷத்தில் இழுத்துவிட்டார். காசு நீட்டினேன், முறைத்தார். உன் அப்பாவுக்கு ஒரு தொப்பி போட்டுவிட்டது போல இருந்தது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓடைக்கரைப் புஞ்சையை சோலார்க்காரர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். ரெஜைனாவில் உட்கார்ந்துகொண்டு விற்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் பங்கை விற்றுத்தானே நான் விமானம் ஏறினேன். குத்தகைக்குக் கேட்டுப்பார், கிரயம் என்றால் யோசி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெரியவன் படிப்புச் செலவுக்கு அவசரம் என்றால் அதைத் தனியாக எழுது, அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

முட்டி வலிக்கு எண்ணெய் போடுவதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ஊரில் கோடை மழை பெய்ததா, உளுந்து என்ன விலை போகிறது, எழுது.

வண்டியை இன்னும் கழுவவில்லை. சக்கரத்துக்கு மேலே அப்பியிருந்த மண் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, தினமும் கொஞ்சம் வாசலில் உதிர்கிறது. செல்வி கூட்டித் தள்ளுகிறாள்.

உன்,
அழகர்