மூன்று கை மாறிய வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தண்டையார்பேட்டை மார்க்கெட் வரை நடந்தே போய் வருகிறாள். நீ அனுப்பிய படங்களையும் பேப்பர்களையும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

பிரிட்டனில் நீங்கள் பார்த்து வைத்திருப்பது 2014 மாடல் மோட்டார் ஹோம், அதாவது வேன் மேலேயே படுக்கை, அலமாரியோடு வீடு கட்டிய வண்டி. உங்களுக்கு முன்னால் மூன்று ஓனர். "மூணு கை மாறின வண்டி, வாங்கலாமாப்பா?" என்று கேட்டிருந்தாய். மூலக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் டிங்கரிங் ஷெட் வைத்திருந்தவன் என்பதால் கேட்டாய், சந்தோஷம். முன்னால் யார் வைத்திருந்தார்கள் என்பதை அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாது.

நீ காலேஜில் படித்தபோது நான் வாங்கிய வெள்ளை வேன் நினைவிருக்கிறதா? 2016 பிப்ரவரியில் வாங்கினேன். சிங்கிள் ஓனர், ஆர்.சி. புக் சுத்தம், நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் சிங்கிள் ஓனர் என்ற ஒரு வார்த்தையில் மனதை விட்டுவிட்டேன். ஜூன் மாதம் ஹாரன் நின்றது. அப்புறம் இண்டிகேட்டர், அதற்கப்புறம் வைப்பர். ஒருநாள் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். அடி நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் காவி நிறத்தில் கறை. கார்ப்பெட்டைப் பிரித்தால், அடியில் வண்டல் காய்ந்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கிடந்தது. வயர் இணைப்புகளில் செம்பு பச்சை பூத்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சீட் வரை மூழ்கிய வண்டி அது. அதை என்னிடம் மறைத்துவிட்டார்கள். வைத்திருந்தது ஒரே ஆள்தான், புக்கில் பொய் இல்லை. அந்த ஒரே ஆளிடம் இருந்தபோது வண்டிக்கு என்ன நடந்தது என்பது மட்டும் புக்கில் இல்லை. அந்த வருஷம் உன் ஹாஸ்டல் பணத்தைத் தாமதமாகக் கட்ட வேண்டிவந்தது. அது இன்னமும் எனக்கு உறுத்தல்தான்.

நம் பக்கத்து வேலைக்காரர்கள் பழைய வண்டி வந்தால் முதலில் கேட்பது, "இது என்ன லோடு அடிச்ச வண்டி?" என்றுதான். காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டி என்றால் கேபினைப் பார்க்க மாட்டோம், நேராகப் பலகையைத் தூக்கிவிடுவோம். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வழிந்து வழிந்து, அடித் தகடு கையால் கிள்ளினால் உதிரும். அதே கம்பெனி, அதே வருஷத்து வண்டி மாதவரத்தில் துணி மூட்டை ஏற்றியிருந்தால் தகடு புதுசு போல இருக்கும். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டுக்கே உப்புப் போடுகிறார்கள் அல்லவா? ஆகவே அந்த வண்டி பனிக்காலத்தில் ஓடியதா, ஷெட்டில் நின்றதா, கடலோரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்களா என்று கேள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார். புதுசாகக் கறுப்பு பூசியிருந்தால் ஏன் பூசினார்கள் என்றும் கேள்.

ஆனால் இந்த வண்டிக்கு இரும்பைவிட மரம்தான் பெரிய கவலை. எஞ்சினும் சேஸிஸும் வேன் கம்பெனியுடையது, அதற்கு எல்லா ஊரிலும் மெக்கானிக் உண்டு. மேலே கட்டியிருக்கும் வீடு வேறு சமாச்சாரம். இந்த வயது வண்டிகளில் பல, மரச்சட்டத்தின் மேல் மெல்லிய தகடோ ஃபைபரோ ஒட்டியவை. கூரை மூட்டு, ஜன்னல் ஓரம், மேலே காற்றுக்கு வைத்த திறப்பு, இங்கெல்லாம் அடைத்த பசை காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் நமுத்து, வருஷக்கணக்கில் மக்கிக்கொண்டே இருக்கும். மேல் அலமாரிகளைத் திறந்து மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார். மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைப் பார். நமுத்த பிஸ்கட் மாதிரி அமுங்கினால் அந்த வண்டியே வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படு. மரத்தில் ஏறிய ஓதத்தை, அதாவது ஈரத்தை, அளக்கும் மீட்டர் இருக்கிறது. 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி, 20-க்கு மேல் போனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், 30 என்றால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கென்று இருக்கிற ஆளுக்குப் பணம் கொடுத்து மூலை மூலையாக அளந்து வாங்கு. அந்தப் பணத்தில் மிச்சம் பிடிக்காதே.

இப்போது அந்த மூன்று பேருக்கு வருகிறேன். உங்கள் ஊரில் வண்டிக்கு வருஷா வருஷம் செய்யும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனையின் சரித்திரத்தை அரசாங்கத் தளத்தில் காசில்லாமல் பார்க்க முடிகிறது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! நம்மூரில் எஃப்.சி. விவரம் இப்படிக் கிடைத்திருந்தால் நான் எத்தனை வண்டியில் தப்பித்திருப்பேன். நீ அனுப்பியதை வரி வரியாகப் படித்தேன். முதல் ஓனர் வாடகைக்கு விடும் கம்பெனி, இரண்டு வருஷம். வாடகை வண்டி என்று நீ பயந்திருக்கிறாய். பல கை பட்டிருக்கும், கதவு கீல், அலமாரிப் பூட்டு தேய்ந்திருக்கும். ஆனால் ஓடினால்தான் அவர்களுக்கு வருமானம், சர்வீஸை நாள் தவறாமல் செய்திருக்கவும் கூடும். பில் இருக்கிறதா என்று கேள். இரண்டாவது, ஓய்வுபெற்ற தம்பதி, எட்டு வருஷம். 2020-21ல் முந்நூறு மைல்தான் ஓடியிருக்கிறது. அது கொரோனா காலம், ஊரே முடங்கிக் கிடந்தது. அடுத்த இரண்டு வருஷமும் அதே கணக்குதான். அங்கே நான் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். ஓடாமல் நிற்கும் வண்டியில் டயர் தேயாது, ஆனால் வெடிப்பு விடும். டயரின் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதே. டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பேட்டரியும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான், ஓடாவிட்டாலும் வயதாகும்.

என் மனதில் உட்கார்ந்திருப்பது மூன்றாவது ஆள். ஆசையாக வாங்கியவர் ஏன் ஒன்றரை வருஷத்தில் விற்கிறார்? உடம்பு முடியவில்லை, குழந்தை பிறந்தது, பணமுடை, எதுவாகவும் இருக்கலாம். குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் இருந்தபோது எம்.ஓ.டி.யில் இரண்டு முறையும் ஒரே பிரேக் பைப் துருவை எழுதியிருக்கிறார்கள். பாஸ்தான், 'இதைக் கவனி' என்கிற வெறும் அட்வைசரிதான். அதை ஒரு வருஷம் அப்படியே விட்டவர் கூரை மூட்டை மட்டும் கவனித்திருப்பாரா? எம்.ஓ.டி.யில் ஓதத்தைப் பார்ப்பதில்லை, அதையும் மனதில் வை.

உன் சின்ன வயதில் நம் ஷெட்டுக்கு ஒரு லாரி வரும், நான்கு ஓனர் பார்த்தது. அதன் டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கும். ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் அடித்த தேதி, பட்டை மாற்றியது, எல்லாம் நான்கு கையெழுத்தில். ஒருவர் பச்சை மையில் எழுதியிருப்பார். கடைசி ஓனர் விற்கும்போது நோட்டையும் சேர்த்தே கொடுத்தார். அதன் பின்னட்டையில் நீ மயில் வரைந்து என்னிடம் திட்டு வாங்கினாய். அந்த லாரிக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கலாம். உங்கள் ஊரில் அந்த நோட்டுக்குப் பதில் வருஷா வருஷம் எடுத்த ஓத ரிப்போர்ட். புது வண்டிக்குக் கம்பெனி தரும் ஓத வாரண்டி நிலைக்க வருஷாந்தரச் சோதனை வேண்டும் என்பதால், பொறுப்பானவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டுகளை வரிசையாகக் கேள்.

இன்னும் ஒன்று. உங்கள் லாக் புக்கில் பெயர் இருப்பவர் வண்டியை வைத்திருப்பவர்தான், உரிமையாளர் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை என்று அதிலேயே போட்டிருக்கிறது. நம் ஆர்.சி.யில் பேங்க் பேர் ஏறியிருந்தால் பேங்க்கின் என்.ஓ.சி.யும், அந்தப் பேரை நீக்கும் ஃபார்ம் 35-ம் இல்லாமல் கை வைக்க மாட்டோம். அங்கே பாக்கிக் கடன் இருக்கிறதா என்று தனியாகக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். விபத்தில் அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்டு எஸ், என் என்று பிரிவு போட்ட வண்டியா என்பதும் அதிலேயே தெரியும். வண்டியை லாக் புக்கில் உள்ள முகவரியில், அவர் வீட்டு வாசலில்தான் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரை நீயே ஒப்பிடு.

சனிக்கிழமை பார்க்கப் போவதாகச் சொன்னாய். அங்கே காலை 10 என்றால் இங்கே மதியம் 2.30, சாப்பிட்டுவிட்டு போனோடு உட்கார்ந்திருப்பேன். வீடியோ கால் போட்டு முதலில் மூன்றாவது ஆளிடம் ஏன் விற்கிறார் என்று கேள், அவர் பதில் என் காதிலும் விழட்டும். அப்புறம் படுக்கைக்கு மேலே உள்ள இடது மூலை அலமாரியைத் திறந்து காட்டு. நீ அனுப்பிய ஏழாவது படத்தில் அங்கே ஒரு நிழல் மாதிரி தெரிகிறது. நிழலா, கறையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா