44 லட்சம் டன் கரியமில வாயுவைக் கணக்கில் சேர்க்காத ஆய்வு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அனல்மின் நிலைய விரிவாக்கம் பற்றிய தங்கள் கட்டுரையில், "காலநிலை மாற்றம் உலகப் பிரச்சினை, ஒரு தனித் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் அதைத் தேடுவது பொருத்தமல்ல" என்ற வரியைப் படித்து மனம் நொந்தேன். விவரம் தெரிந்த தங்கள் ஆசிரியர் குழுவின் கண்ணைத் தாண்டி இது எப்படி அச்சேறியது?

660 மெகாவாட் அலகு ஒன்று 85 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 4,900 மில்லியன் யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு. ஆண்டுக்கு 44 லட்சம் டன், 25 ஆண்டுக்கு 11 கோடி டன். இதை எழுத, திட்டம் சுற்றுப்புறத்தை என்ன செய்யும் என்று அனுமதிக்கு முன் கணக்கிடும் அந்த மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு பக்கம் போதும்.

இது பாதிக் கணக்குதான். மாறிவரும் மழை அந்த நிலையத்தை என்ன செய்யும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நிலக்கரி எரித்த சாம்பலை நீரோடு தேக்கிவைக்கும் 100 ஹெக்டேர் சாம்பல் குளத்தில் அவ்வளவு பெய்தால் 9.5 லட்சம் கன மீட்டர் நீர் சேரும். நீர்மட்டத்துக்கு மேல் கரை ஒரு மீட்டர் உயர்ந்திருந்தாலும் மிஞ்சுவது 5 செ.மீ. காற்று அலை எழுப்பினால் கரை வழியும். வழிந்த இடத்தில் மண் அரித்து உடையும். பழைய மழைப் பதிவை மட்டும் வைத்து மதகும் வடிகாலும் வடிவமைத்தால் இதுதான் நடக்கும். மதிப்பீட்டுக்கான கள ஆய்வோ மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில், மூன்று மாதம் மட்டுமே.

இந்த மதிப்பீட்டுக்கு விதி வகுத்த மத்திய அரசின் 2006 அறிவிக்கை காலநிலைக் கணக்கைத் தனியே கட்டாயமாக்கவில்லை. புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்த பாரிஸ் ஒப்பந்தம் சுற்றுச்சூழல் அனுமதிகளில் கருதப்படவில்லை என்று கொள்ளக் காரணமில்லை எனச் சொல்லி, 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு மனுவை முடித்துவைத்தது. கருதியிருந்தால் அறிக்கையில் எண் இருக்க வேண்டாமா? பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2024-ல், கிணற்றிலிருந்து எடுக்கும் எண்ணெய் எரிந்து வரும் புகையையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்றது.

இன்னொன்றும் நெடுநாளாக உறுத்துகிறது. பொதுக் கருத்துக் கேட்புக்கு வருபவர்களுக்குத் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. கணக்கெல்லாம் ஆங்கில அறிக்கையில். படிக்க 30 நாள்.

அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். கருத்துக் கேட்பு விளம்பரம் வரும் நாளில், அறிக்கையை எந்தெந்த அலுவலகத்தில் பார்க்கலாம் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஒரு செய்தியாகவும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி