ரோம் ஒரு நாளா? ஐரோப்பா டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பா பேக்கேஜ் டூர் நடத்தும் முதலாளிகளுக்கும், அந்தப் பயணத்திட்டத்தை உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

யாருடைய நோட்டீஸை எடுத்தாலும் உள்ளே ஊர்ப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. பாரிஸ், சுவிட்சர்லாந்து, போகிற வழியில் இன்ஸ்ப்ரூக், அப்புறம் வெனிஸ், ஃபுளோரன்ஸ், பீசா, கடைசியில் விமானம் ஏறுவதற்கு முன்னால் ரோம். அந்த ரோமுக்கு எதிரே ‘1 நாள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் நிஜத்தில் எத்தனை மணி நேரம் என்று உங்களுக்குத் தெரியும், பணம் கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

காலையில் ஃபுளோரன்ஸில் டிபன் முடித்துப் பெட்டிகளை ஏற்றிப் பஸ் கிளம்பவே எட்டு, எட்டரை ஆகிவிடும். ரோமுக்குச் சுமார் 275 கிலோமீட்டர். வழியில் குழுவுக்கு டாய்லெட், காபி. ஊருக்குள் நுழைந்ததும் இந்தியச் சாப்பாடு. நாற்பது பேர் சாப்பிட்டு எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக மதியம் இரண்டு மணிக்குத்தான் உங்கள் ‘ஒரு நாள்’ ஆரம்பிக்கிறது. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு, அதற்குப் பிறகு வெளிவட்டச் சாலைப் பக்கம் எங்கேயோ இருக்கும் ஓட்டல், மறுநாள் காலை ஏர்போர்ட். இடையில் கிடைக்கிற ஐந்து மணி நேரத்தில்தான் வத்திக்கான், கொலோசியம், ட்ரெவி நீரூற்று எல்லாம். இதே தூரத்தை அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கிறது, ஆனால் நீங்கள் முழுப் பயணத்துக்கும் பஸ்ஸைப் பேசிவிட்டீர்கள், அதனால் நாளும் பஸ்ஸின் கணக்கில்தான் ஓடுகிறது.

அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அடக்கத்தான் ‘பனோரமிக் டூர்’, ‘ஓரியண்டேஷன் டூர்’, ‘போட்டோ ஸ்டாப்’ என்று சொற்கள் வைத்திருக்கிறீர்கள். கொலோசியத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘வெளியிலிருந்து’ என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவரை மண்டப வாசலில் நிறுத்தி வெற்றிலை பாக்குப் பையைக் கையில் கொடுத்து அனுப்புவது போலத்தான் இது.

சரி, எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பீர்கள். முழுதாக மூன்று நாள், அதாவது நான்கு இரவு. இது என் ஆசை இல்லை, அந்த ஊரின் நேர ஒழுங்கு அப்படி. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அனுமதி இலவசம், அதனாலேயே வரிசை மதில் ஓரமாக நீண்டுகொண்டு போகும். போப் ஊரில் இருந்தால் புதன் காலையில் சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார், அன்று மதியம் வரை புனித பேதுரு பேராலயத்துக்குள் சுற்றிப் பார்க்கப் போக முடியாது. பொர்கேசே கலைக்கூடம் திங்கள்கிழமை மூடியிருக்கும். மற்ற நாளிலும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், அதுவும் ஆளுக்கு இரண்டு மணி நேரம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும், நுழையும் நேரமும் குறித்திருக்கும். சின்னத் தேவாலயங்கள் பல மதியம் பூட்டினால் மூன்றரை நாலுக்குத்தான் மறுபடி திறக்கின்றன. ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டு அது புதனிலோ ஞாயிறிலோ விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பாரிஸில் இறங்கும் தேதியை வைத்து எழுதிய திட்டம் ரோமில் எந்தக் கிழமையில் வந்து நிற்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்க்கிறீர்கள் என்பது எனக்கு நிஜமாகவே சந்தேகம்.

கொலோசியத்தின் சாதாரண டிக்கெட்டிலேயே பக்கத்தில் இருக்கும் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) பாலட்டைன் குன்றும் சேர்ந்து வருகின்றன. நிதானமாக நடந்தால் அரை நாளுக்கு மேல் ஆகும். ஃபோரத்தில் பேரரசர் மக்சென்டியஸ் கட்டத் தொடங்கி, அவருக்குப் பின் கான்ஸ்டன்டைன் முடித்த பெரிய மண்டபத்தில் மூன்று வளைவுக் கூரைகள் இன்னும் அப்படியே நிற்கின்றன, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அந்த மண்டபம் எழும்புவதற்கு முன்னால் அதே இடத்தில் இருந்தது மிளகுக் கிடங்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் டொமிஷியன் என்ற பேரரசர் கட்டியது. சேரர்களின் முசிறித் துறைமுகம் வழியாக ரோமானியக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போன சரக்கு அது, தலைநகரின் நட்ட நடுவில் அதற்கென்று தனிக் கிடங்கு வைக்கும் அளவுக்கு மதிப்பு. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் நீங்கள் அவர்களுக்குக் காட்ட வேண்டிய முதல் இடமே அதுதான். உங்கள் பஸ்ஸோ வெளியே சாலையோடு போய்விடுகிறது.

இன்னொன்று, காசே ஆகாதது. நவோனா சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி என்று ஒரு தேவாலயம். இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோவின் ஓவியங்கள் மூன்று, 1600-ஐ ஒட்டி வரைந்தவை. உள்ளே ஒரே இருட்டு. ஒரு பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், ஓவியத்தில் வரி வசூலிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசை மேல் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் சரிந்து விழுவது தெரியும், கொஞ்ச நேரத்தில் விளக்கு பட்டென்று அணைந்துவிடும். அடுத்த நாணயத்தை யார் போடப்போகிறார்கள் என்று நிற்கிறவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் மதியம் பூட்டியிருக்கும் நேரத்துக்கு உங்கள் குழு போய் நின்றால் கதவைத்தான் பார்க்கலாம். மே கடைசியில் அங்கே எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கிறது, ஊரே தெருவுக்கு வருகிற நேரம் அது. அப்போது உங்கள் குழு ஓட்டல் அறையில் மறுநாளைக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறது.

எல்லாத் தலைநகரத்துக்கும் நான்கு இரவு கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். லீக்டன்ஸ்டைனின் தலைநகரான வாடூஸில் இரண்டு மணி நேரம் நிறுத்துகிறீர்கள், அதுவே தாராளம். வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா போய் கோட்டையையும் பழைய ஊரையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். லக்சம்பர்க்குக்கு ஒரு நாள் போதும், 2020-லிருந்து அங்கே பஸ், டிராம் எல்லாம் இலவசம் வேறு. பாரிஸும் ரோமும் அந்த வகை இல்லை. ஊருக்கு ஊர் அளவு மாறும்போது உங்கள் திட்டத்தில் மட்டும் எல்லாமே ஒரு நாள், இரண்டு நாளாக இருக்கிறது.

கஸ்டமர்தான் எத்தனை நாடு என்று கேட்கிறார் என்பீர்கள். கேட்கத்தான் செய்வார், நோட்டீஸில் கொட்டை எழுத்தில் நீங்கள் காட்டுவது அந்த எண்ணிக்கையை மட்டும்தானே. ‘ரோம்: ஐந்து மணி நேரம், பஸ்ஸில்: நான்கு மணி நேரம்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாகூட எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால்தான் முதலில் நுழைகிற நாடு. விசா அதிகாரியே ‘முக்கியமாக எங்கே போகிறீர்கள்’ என்றுதான் பார்க்கிறார். உங்கள் திட்டத்தில் அதற்குப் பதிலே இல்லை.

செலவு கூடும், அது நியாயமான வாதம். ரோமில் ஊருக்குள் ஓட்டல் விலை அதிகம், இரவுக்கு ஆள் கணக்கில் நகர வரியும் உண்டு. ஆனால் அந்த மூன்று நாளும் உங்களுக்குப் பஸ் வாடகை கிடையாது. பழைய ஊர்ப் பகுதிக்குள் சுற்றுலாப் பஸ்ஸை எப்படியும் விடமாட்டார்கள், மெட்ரோவும் காலும் போதும், ஒன்றரை யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். தெருவுக்குத் தெரு நசோனி என்கிற குழாய்களில் நல்ல தண்ணீர் ஓயாமல் கொட்டுகிறது, தண்ணீர் பாட்டிலுக்கும் செலவில்லை.

இவ்வளவும் எழுதுவதற்கு ஒரு காரியமும் இருக்கிறது. சித்தப்பாவும் சித்தியும் அடுத்த மே மாதம் போகலாம் என்று இருக்கிறார்கள், இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், நன்றாக நடப்பார்கள். இன்ஸ்ப்ரூக்கையும் பீசாவையும் எடுத்துவிடுங்கள், ஃபுளோரன்ஸிலிருந்து ரயில் போடுங்கள், ரோமில் நான்கு இரவு, ஓட்டல் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு நாள் முழுக்க அவர்கள் இஷ்டத்துக்கு. தலைக்கு எவ்வளவு ஆகும் என்று உங்களில் யாராவது எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் கூடவே இருந்தாலும் பேசலாம்.